ரத்த அறிக்கை சரி என்கிறது, கை சோர்கிறது: எதை நம்புவது?

வாசகர் கேள்வி

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 28. டெல்டா மாவட்டம் ஒன்றில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது, உடல் மெலிந்தது. காசநோயாக இருக்கும் என்று எல்லாப் பரிசோதனைகளும் செய்தார்கள், எதிலும் ஒன்றும் தெரியவில்லை. இடது மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை என்பதை ஒரு மருத்துவர் கவனித்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்து, தகாயாசு ஆர்ட்டரைட்டிஸ், அதாவது பெருந்தமனியிலும் அதன் கிளைகளிலும் அழற்சி வந்து அவை சுருங்கும் நோய் என்றார்கள். அப்போது அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். 84, ஹீமோகுளோபின் 9. இப்போது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 7.5 மி.கி., வாரம் ஒருமுறை நோயெதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுத்துக்கொள்கிறேன்.

கடந்த எட்டு மாதங்களாக இ.எஸ்.ஆர். 12, 14 என்றுதான் வருகிறது. நோய் போய்விட்டது, முகம் வீங்கவைக்கும் மாத்திரையை நிறுத்து என்கிறார் என் மாமியார். எனக்கும் ஆசைதான். இன்னொரு பக்கம், பெரிய மருத்துவமனையில் 0.5 என்று இருந்த சி.ஆர்.பி. என்ற இன்னொரு அழற்சிப் பரிசோதனை, எங்கள் ஊர் லேபில் 5 என்று வந்திருக்கிறது. பத்து மடங்கு கூடிவிட்டதா? இரண்டு மாதமாகக் கரும்பலகையில் அரைப் பக்கம் எழுதுவதற்குள் வலது கை சோர்ந்து வலிக்கிறது. கையைத் தொங்கவிட்டால் சரியாகிவிடுகிறது. வேலைப் பளு என்று நினைக்கிறேன். ஒரு நல்ல செய்தி: எப்போதும் 130-க்கு மேல் இருக்கும் என் வலது கை ரத்த அழுத்தம் போன வாரம் 104/70. அம்லோடிபினைப் பாதியாக்கலாம் என்று இங்குள்ள கிளினிக்கில் சொன்னார்கள்.

மருத்துவமனையில் அறிமுகமான ஒரு பெண் ஏதோ விலை உயர்ந்த ஊசி போட்டுக்கொள்கிறார். அவருக்கு சி.ஆர்.பி. பூஜ்யமாகிவிட்டதாம். பென்ட்ராக்சின் என்று ஒரு புதிய பரிசோதனை இருப்பதாகவும் படித்தேன். அதைச் செய்துகொள்ளலாமா? அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ள விரும்புகிறோம். வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஆலோசனை

அன்புள்ள சகோதரி,

பிரெட்னிசோலோனை நிறுத்தாதீர்கள். அம்லோடிபினை இப்போதைக்குப் பாதியாக்காதீர்கள். அடுத்த முன்பதிவுத் தேதிவரை காத்திருக்காமல், இந்த வாரமே உங்கள் வாதநோய் நிபுணரைப் போய்ப் பாருங்கள். காரணங்களை நிதானமாகச் சொல்கிறேன், ஆனால் இந்த மூன்றும் முதலில் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது நீங்கள் நல்ல செய்தி என்று எழுதிய வரிதான். உங்கள் இடது கைக்குப் போகும் தமனி ஏற்கெனவே சுருங்கியிருக்கிறது. அந்தக் கையில் எடுக்கும் ரத்த அழுத்தம் எப்போதும் பொய்யாகக் குறைத்தே காட்டும். அதனால்தான் இதுவரை வலது கையை நம்பினோம். இப்போது அதே வலது கை எழுதும்போது சோர்கிறது, ஓய்வு கொடுத்தால் தேறுகிறது. தசைக்கு வேலை கூடும்போது தேவையான ரத்தம் போய்ச் சேரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் குறைவு. அந்தக் கையிலேயே அழுத்தமும் 130-லிருந்து 104-க்கு இறங்கியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் ரத்த அழுத்தம் குறையவில்லை, வலது கைக்குப் போகும் தமனியும் சுருங்கத் தொடங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வருகிறது. வேறு காரணமும் இருக்கலாம். கழுத்து எலும்புத் தேய்மானமோ தோள்பட்டைத் தசைப்பிடிப்போ கூட இருக்கலாம். ஆனால் தகாயாசு உள்ள ஒருவருக்கு இது வந்தால், தமனி சுருங்கவில்லை என்று உறுதியான பிறகுதான் மற்றவற்றைப் பேச வேண்டும்.

அப்படிச் சுருங்கியிருந்தால், உடலின் மையத்தில், அதாவது மூளைக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் உண்மையான அழுத்தம் 104 அல்ல. அது 150 ஆகவும் இருக்கலாம். இரண்டு கைகளும் நம்பத்தக்கவை அல்ல என்ற நிலையில் காலில்தான் அளக்க வேண்டும். தொடையில் அளக்க அகலமான பட்டை தேவை. அது இல்லாவிட்டால் கணுக்காலுக்குச் சற்று மேலே சாதாரணக் கைப்பட்டையைச் சுற்றி, டாப்ளர் கருவியால் நாடியைக் கேட்டு அளக்கலாம். ஆரோக்கியமானவருக்குக் கால் அழுத்தம் கை அழுத்தத்துக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். உங்களுக்குக் கை 104 காட்டும்போது கால் 150 காட்டினால், விடை கிடைத்துவிடும். வயிற்றுப் பெருந்தமனியும் சுருங்கியவர்களுக்குக் காலும் ஏமாற்றும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். அந்த நிலையில் ஆஞ்சியோகிராம் செய்யும்போது குழாய் செலுத்தி மைய அழுத்தத்தை நேரடியாக அளப்பார்கள்.

இப்போது அந்த 0.5-க்கும் 5-க்கும் வருவோம். பயப்படாதீர்கள். அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அலகு அச்சிட்டிருப்பார்கள். சில ஆய்வகங்கள் சி.ஆர்.பி.யை ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்று தருகின்றன, சில ஒரு லிட்டரில் எத்தனை என்று தருகின்றன. ஒரு லிட்டர் என்பது பத்து டெசிலிட்டர். ஆகவே டெசிலிட்டருக்கு 0.5 என்பதும் லிட்டருக்கு 5 என்பதும் ஒரே அளவுதான். இரண்டு அறிக்கைகளையும் எடுத்து வைத்து அலகைப் பாருங்கள், பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். இந்தக் குழப்பத்தால் ஸ்டீராய்டு அளவைக் கூட்டியவர்களும் உண்டு, அலகைத் திருப்பிப் படித்துவிட்டு உண்மையான ஏற்றத்தைக் கவனிக்காமல் விட்டவர்களும் உண்டு. முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ரத்தத்தில் எண்கள் சரியாக இருந்தால் தமனிச் சுவரில் அழற்சி இல்லை என்று பொருளா? இல்லை. எண் கூடினால் தமனி அழற்சி கூடிவிட்டது என்று பொருளா? அதுவும் இல்லை. இதைப் புரிந்துகொள்ள அந்தப் பரிசோதனைகள் எதை அளக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

இ.எஸ்.ஆர். மிக எளிய பரிசோதனை. ரத்தத்தைச் சோடியம் சிட்ரேட்டுடன் கலந்து, நெட்டாக நிறுத்திய மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று பார்க்கிறார்கள். ஸ்வீடனின் வெஸ்டர்கிரென் 1921-இல் வகுத்த முறையே இன்றும் அடிப்படை. அழற்சி இருக்கும்போது ரத்தத்தில் ஃபைப்ரினோஜென் என்ற புரதம் கூடுகிறது. அதன் ஒட்டும் தன்மையால் சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல் ஒன்றோடொன்று சேர்ந்து வேகமாக இறங்குகின்றன. அவ்வளவுதான். தமனிக்கும் இந்தக் குழாய்க்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ரத்தசோகை இருந்தாலே இ.எஸ்.ஆர். கூடும். உங்களுக்கு முதலில் வந்த 84-இல், ஹீமோகுளோபின் 9 ஆக இருந்ததற்கும் ஒரு பங்கு உண்டு. குழாய் சற்றுச் சாய்ந்து நின்றாலும், அறை வெப்பமாக இருந்தாலும் எண் ஏறும். எடுத்த ரத்தத்தை மணிக்கணக்கில் வைத்திருந்து பிறகு செய்தால் எண் குறையும். கிராமத்துச் சேகரிப்பு மையத்தில் காலையில் எடுத்த ரத்தம் மாலை பஸ்ஸில் நகரத்து ஆய்வகத்துக்குப் போகிற நம் ஊர்களில் இது சின்ன விஷயமல்ல.

சி.ஆர்.பி. இதைவிடத் துல்லியமானது. 1930-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டறியப்பட்ட புரதம் இது. கல்லீரலில் உருவாகிறது. உடலில் எங்கோ அழற்சி நடக்கும்போது அங்கிருந்து கிளம்பும் இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞை கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்தால், சில மணி நேரத்தில் சி.ஆர்.பி. ஏறத் தொடங்கும். தூண்டல் நின்றால் ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதனால் இ.எஸ்.ஆர். வாரக்கணக்கில் மெதுவாக இறங்கும்போது சி.ஆர்.பி. சில நாட்களிலேயே இறங்கிவிடும். ஆனாலும் அது சொல்வது கல்லீரலுக்கு எட்டிய செய்தியை மட்டுமே. செய்தி எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது.

தகாயாசுவில் சிக்கல் இங்கேதான். பெருந்தமனியின் சுவர் சில மில்லிமீட்டர் கனம்தான். அந்தச் சுவருக்கே ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் வழியாக, வெளி அடுக்கிலும் நடு அடுக்கிலும் அழற்சி தொடங்குகிறது. அதற்கு எதிர்வினையாக உள் அடுக்கு தடித்து, குழாயின் உள்விட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கிறது. காய்ச்சலும் எடை இழப்புமாக நோய் கொந்தளிக்கும் முதல் கட்டத்தில் கல்லீரலுக்குச் செய்தி பலமாகவே போகும். உங்களுக்கு அப்போது 84 வந்தது அப்படித்தான். பிறகு மருந்துகள் அந்தக் கொந்தளிப்பை அடக்கிவிடுகின்றன. ஆனால் ஒரு விரற்கடை நீளத் தமனிச் சுவரில் அடங்கி எரியும் அழற்சி, முழு உடலின் ரத்தத்தில் தெரியும் அளவுக்குச் செய்தி அனுப்ப வேண்டிய அவசியமில்லை. நீங்கள் டெல்டாக்காரர், இதை எளிதில் புரிந்துகொள்வீர்கள்: மதகின் அளவுகோலில் நீர்மட்டம் சரியாக இருப்பது, கரைக்குள் நண்டு வளை இல்லை என்பதற்குச் சாட்சியாகாது. போதாததற்கு நீங்கள் எடுக்கும் பிரெட்னிசோலோனே இந்த எண்களைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறது. மருந்துக்கு அடியில் எடுத்த அளவு அது.

இது என் சொந்தக் கருத்து அல்ல. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 60 தகாயாசு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1994-இல் வெளியிட்ட ஆய்வு, எங்கள் துறையில் எல்லோரும் படிக்கும் ஒன்று. நோய் அடங்கிவிட்டதாகக் கருதப்பட்டவர்களுக்கு மாற்றுப்பாதை அறுவை செய்தபோது எடுத்த தமனித் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 44 சதவீதத்தினரின் தமனியில் அழற்சி உயிரோடு இருந்தது. நோயின் தீவிரத்தைச் சொல்ல இ.எஸ்.ஆர். நம்பகமான அளவுகோல் அல்ல என்பதையும் அதே ஆய்வு தெளிவாகச் சொன்னது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பாடம் நம் நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். அறிக்கையில் தடித்த எழுத்தில் எதுவும் இல்லை என்றால் எல்லாம் சரி என்று ஆய்வக வாசலிலேயே முடிவு செய்துவிடுகிறோம்.

இந்த நோய் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஜப்பானின் கனசாவாவில் கண் மருத்துவராக இருந்த மிகிதோ தகாயாசு, இளம்பெண் ஒருவரின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் மாலைபோல் சுற்றிப் பின்னியிருந்ததை 1908-இல் எழுதினார். அதைக் கேட்ட ஓனிஷி, ககோஷிமா என்ற வேறு இரண்டு மருத்துவர்கள், தாங்கள் பார்த்த இதேபோன்ற நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடியே கிடைக்கவில்லை என்றார்கள். கண்ணும் விரலும்தான் கண்டுபிடித்தன. அமெரிக்க வாதநோய்க் கல்லூரி 1990-இல் வகுத்த ஆறு அளவுகோல்களிலும், 2022-இல் ஐரோப்பிய அமைப்புடன் சேர்ந்து திருத்தியவற்றிலும் இ.எஸ்.ஆர். கிடையாது, சி.ஆர்.பி. கிடையாது. வயது, நாடி, இரு கைகளின் அழுத்த வேறுபாடு, தமனியில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் கேட்கும் இரைச்சல், கைகால் சோர்வு, ஸ்கேன் படம் ஆகியவையே இருக்கின்றன. இ.எஸ்.ஆர். 50-ஐ எட்டுவது அளவுகோலில் சேர்வது, 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் நெற்றிப்பொட்டுத் தமனியைத் தாக்கும் ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் என்ற வேறு நோய்க்கு. இணையத்தில் இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள், கவனமாகப் படியுங்கள்.

நம் நாட்டு மருத்துவர்கள் இதில் செய்த பணியைச் சொல்லாமல் இருக்க முடியாது. லக்னோ, வேலூர் உள்ளிட்ட மையங்களின் வாதநோய் நிபுணர்கள் சேர்ந்து, இந்தியத் தகாயாசு மதிப்பெண் முறை ஒன்றை உருவாக்கி 2013-இல் வெளியிட்டார்கள். ஐடாஸ் 2010 என்பது அதன் பெயர். இன்று வெளிநாடுகளிலும் பயன்படுத்துகிறார்கள். அதில் 44 கேள்விகள், அவற்றில் 33 இதயமும் ரத்தக்குழாய்களும் பற்றியவை. கடந்த 3 மாதங்களில் புதிதாக வந்தவை, அல்லது மோசமானவை மட்டுமே கணக்கில் சேரும். புதிதாக நாடி குறைந்ததா, புதிதாகக் கை சோர்கிறதா, கழுத்துத் தமனியைத் தொட்டால் வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டுக்கும் தனியாகச் சில மதிப்பெண் சேர்க்கும் இன்னொரு வடிவமும் உண்டு, ஆனால் அடித்தளம் உடல் சொல்வதுதான். அந்தக் கணக்கின்படி பார்த்தால், உங்கள் இ.எஸ்.ஆர். 14 மதிப்பெண் பெறாது, உங்கள் கரும்பலகை பெறும்.

எண் உயர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் உங்களுக்கு ஒருநாள் வரும். சளிக்காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, சொத்தைப் பல்லின் சீழ், எல்லாமே சி.ஆர்.பி.யை ஏற்றும். காசநோயும் ஏற்றும், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு அது வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் நம் ஊரில் அதை மறக்கவே கூடாது. அறிகுறி எதுவும் இல்லாமல், ஸ்கேனிலும் மாற்றம் இல்லாமல் ரத்த எண்கள் மட்டும் ஏறினால், மருந்தைக் கூட்டாமல் கூர்ந்து கவனித்து வருவதையே 2021-இல் அமெரிக்க வாதநோய்க் கல்லூரி பரிந்துரைத்தது. ஏறிய எண் மருத்துவரைப் பார்க்கச் சொல்லும் காரணம், மாத்திரையை இரண்டு மடங்காக்கச் சொல்லும் காரணம் அல்ல.

அந்தத் தோழி போட்டுக்கொள்ளும் ஊசி டோசிலிசுமாப் ஆக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நல்ல மருந்து, சிலருக்கு மிகவும் தேவைப்படும் மருந்து. அது இன்டர்லூக்கின்-6 சமிக்ஞையையே அடைத்துவிடுகிறது. அந்தச் சமிக்ஞை இல்லாமல் கல்லீரல் சி.ஆர்.பி.யை உருவாக்காது, ஃபைப்ரினோஜெனும் குறைந்துவிடும். எனவே அந்த ஊசி போடுபவருக்கு சி.ஆர்.பி. பூஜ்யத்தை ஒட்டி வருவதும் இ.எஸ்.ஆர். 2, 3 என்று வருவதும் மருந்து உடலில் வேலை செய்கிறது என்பதை மட்டுமே காட்டும். தமனி அடங்கிவிட்டதா என்பதை அந்த எண்களால் சொல்லவே முடியாது. அதைவிட முக்கியமாக, அந்த ஊசியில் இருக்கும்போது நிமோனியா வந்தாலும் சி.ஆர்.பி. ஏறாமல் இருக்கக்கூடும், காய்ச்சலும் மட்டுப்பட்டுத் தெரியும். அவரிடம் இதைச் சொல்லுங்கள். சாதாரண இருமல் என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம், எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த ஊசி போடுகிறேன் என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள்.

பென்ட்ராக்சின்-3 பற்றிப் படித்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. சி.ஆர்.பி.யின் உறவுக்காரப் புரதம்தான் அது. ஆனால் கல்லீரலில் அல்லாமல் ரத்தக்குழாய்ச் சுவரிலும் அங்கு குவியும் அழற்சி அணுக்களிலுமே உருவாகிறது. ஆகவே தமனியின் செய்தியைத் தமனியே சொல்லுமல்லவா என்று ஆய்வாளர்கள் ஆசையோடு அதைத் தேடிப் போனார்கள். முதலில் வந்த சில ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. பின்னால் வந்த சில ஆய்வுகளில் நோய் தீவிரமாக இருப்பவருக்கும் அடங்கியிருப்பவருக்கும் இடையே அது தெளிவாக வேறுபடவில்லை. தமனிச் சுவரைக் கரைக்கும் எம்.எம்.பி. நொதிகள், அமைலாய்டு-ஏ புரதம் என இன்னும் பலவற்றை ஜப்பானிலும் இத்தாலியிலும் நம் வேலூரிலும் ஆராய்ந்திருக்கிறார்கள். எதுவும் அன்றாட மருத்துவத்தில் முடிவெடுக்கும் தகுதியை இன்னும் எட்டவில்லை. அந்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து ஒரு எம்.ஆர். ஆஞ்சியோகிராம் செய்துகொள்ளுங்கள். ஏ.என்.ஏ., ஆன்கா என்று நீளும் எதிர்ப்புரதப் பரிசோதனைப் பட்டியலையும் மறுபடி மறுபடி செய்ய வேண்டாம், இந்த நோய்க்கென்று தனியான எதிர்ப்புரதம் எதுவும் இதுவரை கிடையாது.

படம் எடுப்பதில் உங்கள் மருத்துவருக்குப் பல வழிகள் இருக்கின்றன. கழுத்து, தோள்பட்டைத் தமனிகளை டாப்ளர் ஸ்கேனிலேயே பார்த்துவிடலாம், செலவும் குறைவு. சுவர் சுற்றிலும் சீராகத் தடித்திருந்தால் அதில் நன்றாகத் தெரியும். மார்பு, வயிற்றுப் பெருந்தமனிக்கு எம்.ஆர். ஆஞ்சியோகிராம் நல்லது, கதிர்வீச்சும் இல்லை. பெட் ஸ்கேன் அழற்சி எங்கே இருக்கிறது என்று வெளிச்சம் போட்டுக் காட்டும், ஆனால் விலை அதிகம், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குச் சற்று மங்கியும் தெரியும். சிறுநீரகத் தமனிகளைப் பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானில் இந்த நோய் மேல்பக்கத் தமனிகளை அதிகம் தாக்குகிறது என்றால், இந்தியாவில் வயிற்றுப் பெருந்தமனியையும் சிறுநீரகத் தமனியையும் அதிகம் தாக்குகிறது. நம் இளம்பெண்கள் பலருக்கு உயர் ரத்த அழுத்தமே முதல் அடையாளமாக வருவது அதனால்தான். படத்தில் சுருக்கம் தெரிந்தாலும் அது பழைய தழும்பா, புதிய அழற்சியா என்று முந்தைய சி.டி. படத்துடன் ஒப்பிட்டே சொல்ல முடியும். அந்தப் பழைய படத்தின் குறுந்தகடு வீட்டில் இருந்தால் தேடி எடுத்துச் செல்லுங்கள். தட்டச்சு அறிக்கை மட்டும் போதாது.

உங்கள் மாமியார் உங்கள் முகத்தைப் பார்த்துக் கவலைப்படுவதை நான் குறையாக நினைக்கவில்லை. முகம் உப்புவது ஸ்டீராய்டின் உண்மையான விளைவு, அளவு குறையக் குறைய அதுவும் வடியும். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எடுத்த ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தினால் நோய் திரும்புவது ஒருபுறம் இருக்க, உயிருக்கே ஆபத்து வரலாம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால் உடலின் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவைத்திருக்கும். திடீரென்று மாத்திரையும் இல்லை, சுரப்பும் இல்லை என்ற நிலையில் ஒரு வாந்தி பேதியோ காய்ச்சலோ வந்தால் அழுத்தம் சரிந்து மயங்கி விழுவீர்கள். குறைப்பது எப்போதும் படிப்படியாக, மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான். அடுத்த முறை போகும்போது மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் இடது மணிக்கட்டில் அவரே விரல் வைத்துப் பார்த்துவிட்டால், எந்த அறிக்கையும் தராத புரிதல் அவருக்கு வந்துவிடும்.

மெத்தோட்ரெக்சேட் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை, நீங்கள் அறிந்திருந்தாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: அது வாரத்தில் ஒரு நாள் மட்டும். தவறுதலாகத் தினமும் எடுத்தால் எலும்பு மஜ்ஜையே பாதிக்கப்பட்டு உயிர் போகலாம். எந்தக் கிழமை என்று மருந்து அட்டையிலேயே பெரிதாக எழுதிவையுங்கள்.

ஒருபக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை திடீரென்று மங்குதல், மயக்கம், நெஞ்சை இறுக்கும் வலி, இவற்றில் எது வந்தாலும் முன்பதிவு, அறிக்கை எதற்கும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே முதலில் சொல்ல வேண்டியது: எனக்குத் தகாயாசு இருக்கிறது, என் கையில் எடுக்கும் ரத்த அழுத்தத்தை நம்பாதீர்கள்.

குழந்தை பற்றிக் கேட்டீர்கள். தகாயாசு உள்ள பெண்கள் பலர் நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள், அந்த நம்பிக்கையை விட வேண்டாம். ஆனால் முதலில் இந்த வலது கைக் கேள்விக்கு விடை வேண்டும். நோய் குறைந்தது ஆறு மாதமாவது அடங்கியிருக்கிறது என்று உடல் பரிசோதனையும் படமும் சேர்ந்து சொல்ல வேண்டும், இ.எஸ்.ஆர். மட்டும் சொன்னால் போதாது. மெத்தோட்ரெக்சேட் கருவைப் பாதிக்கும் மருந்து. கருத்தரிக்க முயல்வதற்குச் சில மாதங்கள் முன்பே அதை நிறுத்தி, அசாதயோபிரின் போன்ற பாதுகாப்பான மருந்துக்கு மாற்றுவார்கள். அதுவரை கருத்தடை கட்டாயம். நோயெதிர்ப்பை அடக்கும் மைகோஃபினோலேட்டும், ரத்த அழுத்தத்துக்குத் தரும் எனலாப்ரில், டெல்மிசார்டான் வகை மருந்துகளும் கர்ப்பத்தில் ஆகாதவை. யாராவது புதிதாக எழுதிக்கொடுத்தால் உங்கள் திட்டத்தைச் சொல்லிவிடுங்கள். கர்ப்ப காலத்தில் ஃபைப்ரினோஜென் இயல்பாகவே கூடுவதால் இ.எஸ்.ஆர். எல்லாப் பெண்களுக்கும் ஏறும், அந்த மாதங்களில் அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அப்போது முக்கியம் சரியான இடத்தில் அளந்த ரத்த அழுத்தம்தான். எந்தக் கையில், அல்லது எந்தக் காலில் அளக்க வேண்டும் என்பதை உங்கள் வாதநோய் நிபுணரிடம் எழுதி வாங்கி, தாய்சேய் நல அட்டையின் முதல் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். கிராமச் சுகாதாரச் செவிலியர் முதல் பிரசவ அறை மருத்துவர் வரை எல்லோரும் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.